ஆடையைக் குறைத்த அண்ணல்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே உள்ள சித்தன்னவாசல் குன்றுக்கு யாத்திரை சென்று வந்த நம் குடும்பத்தினர் ஏழடிப்பட்டத்தை மறந்திருக்க மாட்டார்கள். செங்குத்தான பாறையில் வெட்டப்பட்டுள்ள படிக்குழிகளில் கால் வைத்து ஏறிச் சென்றால், இயற்கையாய் அமைந்த குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகளைக் காணலாம். தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்த்தி, வழவழப்பாகச் செதுக்கப்பட்டவை அவை. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிறித்துவுக்கு முற்பட்டது என்பது அறிஞர் முடிபு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்பாறையையே பாயாகவும் தலையணையாகவும் கொண்டு தவமியற்றினர் நம் முனிவர்கள். திசையையே ஆடையாகக் கொள்ளும் துறவு நம் மரபின் உச்சி.

அந்த உச்சியை இல்லறத்தார் அடைதல் அரிது. ஆதலின் அவர்களுக்கு முற்றும் விடுதலைக் கூறாமல், அளவு செய்து கொள்ளுதலைக் கூறினர் ஆசாரியர்கள். ஒருமுறை நுகர்ந்தபின் கழிவது போகம். மீண்டும் மீண்டும் நுகரப்படுவது உபபோகம். உணவு முன்னதற்கும் ஆடை பின்னதற்கும் எடுத்துக்காட்டு. இவ்விரண்டிற்கும் எல்லை வகுத்துக் கொள்வதே போகோபபோக பரிமாண விரதம். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டகத்தில் இதனைக் குணவிரதங்களுள் ஒன்றாக வைத்தார். குறித்த காலத்திற்கு மட்டும் ஏற்பது நியமம் என்றும், வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம் என்றும் அதனை இருவகைப்படுத்தினார்.

இவ்விரதத்தை ஆடையளவில் இருபதாம் நூற்றாண்டில் உலகறிய வாழ்ந்து காட்டியவர் அண்ணல் காந்தியடிகள். அவர் பிறப்பால் வைணவர். ஆயினும் அவரது வாழ்வின் திருப்பங்களில் சமண சமயத்தின் கை பட்டிருப்பதை நாம் காணலாம். அவர் வரலாற்றை அவர் உடுத்திய ஆடைகளின் வழியே இங்கு நோக்குவோம்.

சீமை உடையில் மோகம்

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், சட்டம் பயில இலண்டன் செல்ல விரும்பியபோது அன்னை புத்லிபாய் அஞ்சினார். அப்பொழுது பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி, மது, மாமிசம், மாதர் தொடர்பு ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்னும் விரதத்தை இளைஞருக்கு அளித்தார். அதன் பின்னரே அன்னை விடை கொடுத்தார்.

1888-இல் கப்பலிலிருந்து இங்கிலாந்துக் கரையில் இறங்கியபோது மோகன்தாஸ் வெள்ளை நிறக் கம்பளி உடை அணிந்திருந்தார். அந்தப் பருவத்தில் அவ்வண்ணம் உடுத்தியவர் அங்கு வேறொருவரும் இல்லை. நாணம் அவரைத் தின்றது. அந்த நாணமே பின்னர் மோகமாக மாறிற்று. பம்பாயில் தைத்த உடைகள் தகுதியற்றவை எனத் தோன்றப் புதியன வாங்கினார். நாகரிகக் கடைவீதியான பாண்டு தெருவில் 10 பவுன் செலவில் மாலைநேர உடை தைத்துக்கொண்டார். 19 ஷில்லிங்கிற்கு உயரத் தொப்பி வாங்கினார். ஊரிலிருந்த தமையனாரிடம் இரட்டை வடத் தங்கக் கடிகாரச் சங்கிலி கேட்டுப் பெற்றார். நாள்தோறும் கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்யவும் தலைவாரவும் பத்து நிமிடங்கள் கழிந்தன. நடனமும் வயலினும் கற்கப் புகுந்தார். மூன்று மாதங்களில் அம்மயக்கம் பெரும்பாலும் தெளிந்தது. ஆனால் உடையில் மட்டும் கண்ணும் கருத்துமாயிருக்கும் வழக்கம் மேலும் பல்லாண்டுகள் நீங்கவில்லை. பற்றுகளுள் இப்பற்று எளிதில் விடுவதன்று.

இராயசந்திரரின் நட்பு

1891-இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பியபோது, பம்பாயில் அவர் சந்தித்தவர் ஸ்ரீமத் இராயசந்திரர். முத்தும் வைரமும் விற்கும் வணிகராயினும், ஆன்ம சிந்தனையில் ஆழ்ந்த சமண இல்லறத்தார் அவர். தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் எழுந்தபோது அடிகள் 27 வினாக்களை எழுதி அனுப்ப, அவற்றுக்கு விடையளித்துத் தெளிவித்தவர் அவரே. வேட்டி, சட்டை, அங்கரக்கா, தலைப்பாகை என்னும் எளிய உடையே அவர் உடுத்தியது. அது மடிப்புக் கலையாமல் இருந்ததில்லை என்பதையும் அடிகள் நினைவு கூர்ந்துள்ளார். இலட்சக்கணக்கில் வாணிகம் செய்யும் ஒருவர் தம் உடையைப் பற்றிக் கவலையற்று இருத்தல் கூடும் என்பதற்கு அவர் கண்கண்ட சான்று. 1901-இல், 33 வயதில் இராயசந்திரர் மறைந்தார். அவர் இட்ட வித்து அடிகளின் உள்ளத்தில் வளர்ந்து வந்தது.

சலவைக் கணக்கு

டர்பன் நகரில் வழக்குரைஞராக வருவாய் பெருகிய காலத்தில் அடிகளிடம் இரண்டு மூன்று டஜன் சட்டைகளும் கழுத்துப்பட்டைகளும் இருந்தன. அவையும் போதவில்லை. கழுத்துப்பட்டையை நாள்தோறும் மாற்ற வேண்டும். சட்டையை ஒருநாள் விட்டு ஒருநாளேனும் மாற்ற வேண்டும். சலவைக்காரரோ குறித்த நாளில் கொண்டு வருவதில்லை. ஆகவே துணிக்கும் செலவு, சலவைக்கும் செலவு என இரட்டைச் சுமையாயிற்று.

இவ்விடத்தில் நம்மில் பலர் மேலும் ஒரு டஜன் வாங்கியிருப்போம். அடிகள் சலவை நூல் ஒன்றை வாங்கிப் பயின்றார், மனைவிக்கும் கற்பித்தார். முதன்முதலாகத் தாமே கஞ்சியிட்டுத் தேய்த்த கழுத்துப்பட்டையுடன் நீதிமன்றம் சென்றபோது, மிகுதியான கஞ்சி உதிர்ந்து கொண்டேயிருந்தது. உடனிருந்த வழக்குரைஞர்கள் நகைத்தனர். அடிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. நாளடைவில் சலவைக்காரர்க்கு நிகராகத் தேர்ந்தார். உள்ள துணியைப் பேணக் கற்றவனுக்குக் குறைந்த துணியே போதும் என்பது அன்று அவர் கண்ட உண்மை.

குடும்பத்தார்மேல் ஏற்றிய சுமை

இவ்வரலாற்றில் மறைக்கலாகாத பகுதியும் ஒன்றுண்டு. 1896-இன் இறுதியில் மனைவி மக்களைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துச் சென்றபோது, அவர்கள் நாகரிகமுடையவராகத் தோன்ற வேண்டும் என்று அடிகள் எண்ணினார். கஸ்தூர்பா பார்சி முறையில் சேலை உடுத்த நேர்ந்தது. சிறுவர்கள் பார்சிக் கோட்டும் காற்சட்டையும் அணிய நேர்ந்தது. காலணியும் காலுறையும் கட்டாயம். காலணி பாதங்களை நெருக்கியது, காலுறை வியர்வையால் நாறியது, விரல்கள் புண்ணாயின. அவர்கள் விருப்பத்தால் ஏற்றதன்று அது. அடிகளின் அதிகாரத்தால் ஏற்றது. பின்னாளில் இதனைத் தம் வரலாற்றில் அவரே மறைக்காமல் எழுதினார். உடையைக் கூட்டுவதாயினும் குறைப்பதாயினும், பிறர்மேல் சுமத்தப்படுமாயின் அது விரதமாகாது.

ஒற்றைச் சேலைப் பெண்

1915 ஜனவரி 9-ஆம் நாள் கத்தியவார் முறையில் சட்டை, வேட்டி, மேலங்கி, அங்கவஸ்திரம் தரித்து அடிகள் பம்பாயில் இறங்கினார். மூன்றாம் வகுப்பில் பயணம் செய்யத் தொடங்கியதும் மேலங்கியும் அங்கவஸ்திரமும் மிகையெனத் தோன்றின. அவற்றை நீக்கினார், எட்டுப் பத்து அணா விலையுள்ள தொப்பி ஒன்றை வாங்கிக் கொண்டார்.

சம்பாரண் மாவட்டத்தில் அவர் பணியாற்றியபோது, பீதிஹர்வாவுக்கு அருகிலிருந்த ஒரு சிற்றூரில் சில பெண்களின் ஆடை மிகவும் அழுக்கேறியிருந்தது. ஏன் துவைப்பதில்லை என்று கேட்டறியுமாறு கஸ்தூர்பாவிடம் கூறினார். அப்பெண்களுள் ஒருத்தி கஸ்தூர்பாவைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்று காட்டினாள். அங்கே பெட்டியும் இல்லை, மாற்றுத் துணியும் இல்லை. உடுத்தியிருந்த ஒரு சேலையே அவளது உடைமை. தூய்மைக் குறைவு என்று கருதியது வறுமையாக இருந்தது.

மதுரையில் ஏற்ற நியமம்

1921-இல் அந்நியத் துணி விலக்கு நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு செப்டம்பரில் அடிகள் தமிழகத்தில் பயணம் செய்தார். ஆடையைக் குறைக்கும் எண்ணம் முன்னரே இருமுறை அவருள்ளத்தில் எழுந்து அடங்கியிருந்தது. மதுரைக்கு வரும் வழியில் இரயிலில் அந்நியத் துணி உடுத்திய மக்கள் கூட்டத்தைக் கண்டு பேசினார். கதர் வாங்க இயலாத ஏழைகள் நாங்கள் என்று பலர் கூறினர். அதில் உண்மை இருப்பதை அவர் உணர்ந்தார். தாமோ சட்டை, தொப்பி, முழு வேட்டி என நிறைய உடுத்திக்கொண்டு, பிறரிடம் இருப்பதை எரிக்கச் சொல்வது எங்ஙனம்?

மேலமாசி வீதியில் ஓர் அன்பரின் இல்லத்தில் அன்றிரவு தங்கிய அடிகள், விடையைக் கண்டார். விலை மலிந்த துணியைத் தேடுவது விடையன்று. தேவையைக் குறைப்பதே விடை. முழம் குறைந்தால் கதரும் ஏழைக்கு எட்டும். செப்டம்பர் 22-ஆம் நாள் காலை, இடையில் முழங்கால் அளவு துணியுடன் வெளிவந்தார். தேவைப்படும்போது போர்த்திக்கொள்ள ஒரு மேல்துண்டு, அவ்வளவே. அக்கோலத்தில் அவர் மக்கள் முன் தோன்றிய இடம் மதுரையில் காந்தி பொட்டல் என்று வழங்குகிறது.

நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்டோபர் 31 வரை என்று காலம் குறித்தே அவர் அதனை ஏற்றார். தம் தொண்டர்களும் அவ்வாறே உடுத்த வேண்டும் என்று கட்டளையிடவுமில்லை. குடும்பத்தார்மேல் காலணியை ஏற்றிய கை, இம்முறை தன்மேல் மட்டுமே விரதத்தை ஏற்றியது. குறித்த நாள் வந்தது, கடந்தது. பழைய உடை திரும்பவில்லை. நம் நூல் வழக்கில் கூறின், நியமமாகத் தொடங்கியது யமமாக நிலைத்தது.

1927-இல் அவர் செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் நாடு அது. அங்குள்ள மாளிகைகளில் அயல்நாட்டுப் பொருள்கள் இடமின்றி நிறைந்திருந்ததைக் கண்டார். பத்தில் ஒரு பங்கு செலவில் அவற்றை இன்னும் வசதியாக அமைத்துத் தர இயலும் என்று அன்புடன் இடித்துரைத்தார். 1931 நவம்பரில், இலண்டன் குளிரிலும் அரையாடையும் போர்வையுமாகவே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனை விருந்துக்குச் சென்றார். 43 ஆண்டுகளுக்கு முன் வெள்ளை உடைக்காக நாணிய அதே நாட்டில், இப்பொழுது நாணம் இல்லை. 1948 ஜனவரி 30-ஆம் நாள் குண்டடிபட்டு வீழ்ந்தபோது அவர் உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி, மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. அரையாடை பூண்ட நகரிலேயே அவரது இறுதி ஆடையும் இருப்பது கருதத்தக்கது.

நம் இல்லங்களில்

அரையாடை பூணுமாறு இக்கட்டுரை எவரையும் அழைக்கவில்லை. கோவணமும் சிறு மேலாடையும் நம் மரபில் சுல்லகர் நிலைக்குரியவை; அந்நிலைக்குப் படிகள் பல உண்டு. ஆனால் கீழ்ப்படி எல்லார்க்கும் எட்டுவது. ஆடித் தள்ளுபடி, பண்டிகை, திருமணம், பிறந்தநாள் என்று வாங்கியவை நம் பீரோக்களில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கைபேசியில் விரல் பட்டால் துணி வாயிலுக்கே வந்துவிடுகிறது. ஒருமுறை உடுத்தி மடித்து வைத்தவையும், விலைச்சீட்டுக் கழற்றப்படாதவையும் அவற்றுள் உண்டு. பட்டுச் சேலை ஒன்றுக்காக ஆயிரக்கணக்கான புழுக்கள் கூட்டோடு கொதிநீரில் மடிகின்றன. கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்ட நாம் அதனை எண்ணாதிருத்தல் தகுமோ? வாங்குவதைக் குறைத்தால் நெசவாளர் வாழ்வு என்னாகும் என்று சிலர் வினவலாம். நிலையாத துணி ஐந்து வாங்கும் பொருளில் உழைக்கும் கைத்தறித் துணி ஒன்று வாங்கினால், நெசவாளரும் வாழ்வர். நம் பெட்டியும் இளைக்கும்.

செய்யத்தக்கது எளிது. தசலட்சணப் பருவத்தில் உத்தம ஆகிஞ்சன்ய நாளன்று வீட்டிலுள்ள ஆடைகளை எண்ணுக. கிழிந்ததைத் தைத்துக்கொள்க, உடுத்தாததை இல்லாதார்க்கு நல்லநிலையில் ஈக. பின்னர் இத்தனை ஆடையே போதும் என்று எண் குறித்து, பகவான் மகாவீரர் முக்தி எய்திய தீபாவளித் திருநாள் வரையேனும் புதிது வாங்குவதில்லை என ஒரு நியமம் ஏற்க. ஒவ்வொருவரும் தம் அளவைத் தாமே குறிக்கட்டும். பெற்றோர் மக்கள்மேல் சுமத்த வேண்டா. நாள் முடிந்தபின் பழைய விருப்பம் மீள்கிறதா என்று பார்ப்போம். மீளாதாயின், அதுவே யமத்தின் தொடக்கம்.