ரேடியோ மெக்கானிக் படைத்த இசை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஒரு பாட்டைக் கேட்டதும் பாடியவர் யார் என்கிறோம். இசையமைத்தவர் யார் என்கிறோம். எழுதியவரையும் விசாரிக்கிறோம். அந்தப் பாட்டை நாடாவில் பதிவு செய்து, ஒலிகளைக் கலந்து தந்தவர் யார் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? அந்த இருட்டறையில் உட்கார்ந்தபடியே உலக இசையின் போக்கைத் திருப்பிய ஒருவரின் கதையை இங்கே எழுத விழைகிறேன்.

நான் இயற்பியல் மாணவன். என் தந்தை மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். படித்து முடித்தால் கையில் கிரீஸ் படாத வேலைக்குப் போகலாம் என்று உறவினர்கள் அன்போடு சொல்வார்கள். கைவேலை வேறு, அறிவு வேறு என்ற எண்ணம் அந்த அன்புக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணத்திற்கு என்னிடம் உள்ள விடை கிங் டப்பியின் வாழ்க்கை.

கிங்ஸ்டன் நகரத்து இளைஞர்

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று ஜமைக்கா. அதன் தலைநகர் கிங்ஸ்டன். சபைனா பார்க் மைதானமும், வேகப்பந்து வீச்சாளர் மைக்கேல் ஹோல்டிங்கும் அந்த ஊருக்கு உரியவர்கள் என்றால் கிரிக்கெட் அன்பர்களுக்கு விளங்கும். அங்கே 1941 ஜனவரி 28ஆம் நாள் பிறந்தார் ஆஸ்பர்ன் ரட்டக். டப்பி என்பது ஊர் அழைத்த பெயர். வாட்டர்ஹவுஸ் என்ற ஏழை மக்கள் பகுதியில் அவர் ரேடியோ பழுது பார்த்தார், டிரான்ஸ்பார்மர் சுற்றினார், ஆம்ப்ளிஃபையர் செய்து விற்றார்.

அந்நாளில் ஜமைக்காவின் ஏழை மக்களுக்குத் திறந்த வெளிதான் இசை அரங்கம். ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி, இசைத்தட்டுகளைச் சுழல விட்டு, இரவெல்லாம் ஆடுவார்கள். இதற்குச் சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். நம் ஊர்த் திருவிழாவில் இரண்டு மைக்செட்காரர்கள் எதிரெதிரே பந்தல் போட்டால் எப்படியிருக்கும்! அத்தகைய போட்டி அங்கே வாரந்தோறும் நடந்தது. ஒலிபெருக்கி பழுதானால் டப்பியைத்தான் தேடுவார்கள். பிறருக்குச் செய்து கொடுத்தவர், ஹோம்டவுன் ஹை-ஃபை என்ற பெயரில் தாமே ஒரு சவுண்ட் சிஸ்டம் அமைத்தார். அடித்தொனி நெஞ்சில் மோதும். மேல்தொனி தெளிவாய்க் காதில் விழும். அந்தத் துல்லியமே அவருக்கு மன்னர் பட்டத்தை வாங்கித் தந்தது.

குரல் நீங்கியது, இசை நின்றது

1960களின் இறுதியில் டியூக் ரீட் என்ற தயாரிப்பாளரிடம் டப்பி தட்டு வெட்டும் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் ஸ்பானிஷ் டவுன் என்ற ஊரின் சவுண்ட் சிஸ்டம்காரர் ரடி ரெட்வுட்டுக்கு, பாடகர் குரல் விடுபட்ட தட்டு ஒன்று தவறுதலாகக் கிடைத்தது. அவர் அதையே கூட்டத்தில் போட்டார். வெற்றிடத்தை நிரப்ப மக்களே பாடத் தொடங்கிவிட்டார்கள்!

தயாரிப்பாளர்களுக்கு இதில் லாபமும் இருந்தது. தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டு, மறு பக்கத்தில் குரலற்ற இசை என்று வெளியிட்டால், வாத்தியக்காரர்களுக்கு ஒரே ஊதியத்தில் இரண்டு பக்கமும் நிரம்பிவிடும். பிறர் சிக்கனம் கண்ட இடத்தில் டப்பி கலையைக் கண்டார்.

வாட்டர்ஹவுஸில், டிராமிலி அவென்யூ 18ஆம் எண் வீட்டில் சிறிய ஒலிக்கூடம் அமைத்தார். முழு வாத்தியக் குழு உட்கார இடமில்லை. குளியலறையே பாடகர் நிற்கும் அறையாயிற்று. வேறு கூடங்களில் பதிவான நான்கு தட நாடாக்கள் அவரிடம் வரும். டைனமிக் என்ற பெரிய கூடம் கழித்துவிட்ட பழைய கலவைப் பலகையை, தயாரிப்பாளர் பன்னி லீயின் உதவியால் வாங்கி வைத்திருந்தார். தாளம் ஒரு தடம், பேஸ் கிதார் ஒரு தடம், மற்ற வாத்தியங்கள் ஒரு தடம், குரல் ஒரு தடம் என்று வைத்துக்கொள்வோம். பாட்டு ஓடும்போதே ஒன்றை அணைப்பார், மற்றொன்றைத் திறப்பார். பாடகரின் ஒரு சொல் எழுந்து பாதியில் மறையும். முரசும் பேஸும் மட்டும் நடந்து செல்லும். இவ்வாறு பிறந்ததே டப் இசை.

ஆய்வுக்கூடமும் ஒலிக்கூடமும்

அந்தச் சொல் மறைந்த பின்னும் அலையலையாய்த் திரும்பி வரும். இதன் இயற்பியல் எளியது. ஒலிநாடாக் கருவியில் பதியும் முனை ஒன்று, படிக்கும் முனை ஒன்று. நாடா நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது, இரு முனைகளுக்கும் இடையே 19 செ.மீ. நாடா இருக்கிறது என்று கொள்வோம். பதிந்த ஒலி அரை நொடி கழித்துத் திரும்ப வரும். அதில் ஒரு பகுதியை மறுபடியும் பதியும் முனைக்கே அனுப்பினால் எதிரொலிக்கு எதிரொலி பிறக்கும். திருப்பி அனுப்பும் அளவு குறைந்தால் ஒலி தேய்ந்து மறையும். மிகுந்தால் பெருகி ஓலமிடும். அந்த எல்லைக் கோட்டின் மேல் விரலை வைத்து விளையாடியவர் டப்பி.

நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினால் அதுவே லூப். அதனைக் கருவியின் முனைகள் மீது சுழல விட்டு எதிரொலி எழுப்பியதும் உண்டு. அவருடைய பலகையில் பெரிய குமிழ் ஒன்று இருந்தது. திருகத் திருகத் தாழ்ந்த அதிர்வெண்கள் வடிந்து, முரசின் ஒலி கூசும் ஊசியாய் மெலியும். நாம் மின்தேக்கியும் மின்தடையும் இணைத்துச் செய்முறைத் தேர்வுக்காக வரைபடம் போடுகிறோமே, அந்த வடிப்பான்தான் அது! சுருள்வில் அடங்கிய எதிரொலிப் பெட்டியைக் கையால் தட்டுவார். பாட்டின் நடுவே இடி முழங்கும்.

1976இல் அகஸ்டஸ் பாப்லோ வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றின் தலைப்பிலேயே கிங் டப்பியின் பெயர் இடம் பெற்றது. வாத்தியம் எதையும் வாசிக்காத ஒரு தொழில்நுட்பரின் பெயரைப் பார்த்து மக்கள் இசைத்தட்டு வாங்கினார்கள். கலவைப் பலகையும் ஒரு வாத்தியமே என்பதை உலகம் ஒப்புக்கொண்ட நாள் அது எனலாம்.

விதைத்தவரும் விளைச்சலும்

அவர் வீடு ஒரு பள்ளிக்கூடமும் ஆயிற்று. பிரின்ஸ் ஜாமி, சயன்டிஸ்ட் ஆகியோர் அங்கே பயின்றவர்கள். சயன்டிஸ்ட் என்ற இளைஞர் மின்னணுப் பழுது பார்க்கும் வேலையோடுதான் உள்ளே வந்தார். 1985இல் ஜாமி, காசியோ என்ற சிறு மின்விசைப் பலகையில் ஏற்கெனவே அமைந்திருந்த தாளத்தைக் கொண்டு ஒரு பாட்டை வெளியிட்டு ரெகே இசையையே மாற்றினார். டப்பியும் அவ்வாண்டில் பெரிய கூடம் கட்டிப் புதிய இசைக்குத் தயாரானார். ஆனால் 1989 பிப்ரவரி 6ஆம் நாள், வேலை முடிந்து வீடு திரும்பியபோது வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 48. கொன்றவர் யார் என்பது வெளிப்படவே இல்லை.

அவர் வழி மட்டும் நிற்கவில்லை. பதிவான இசையிலிருந்து ஒரு துண்டை எடுப்பதைச் சாம்பிள் என்றும், அதைத் திரும்பத் திரும்ப ஓட விடுவதை லூப் என்றும் இன்று கணினி வைத்திருக்கும் எந்த இளைஞனும் அறிவான். பேஸை நிறுத்தி, குரலைத் துண்டாக்கி, எதிரொலி சேர்த்து அவன் டப் செய்வதற்குச் சில சொடுக்குகள் போதும். அந்தச் சொடுக்கு ஒவ்வொன்றுக்கும் பின்னால் வாட்டர்ஹவுஸ் வீட்டில் ஒருவர் வைத்த பற்று ஒன்று இருக்கிறது. கழித்துவிடப்பட்டு அவரிடம் வந்த அந்தக் கலவைப் பலகை, பின்னாளில் அமெரிக்காவின் சியாட்டில் நகர அருங்காட்சியகத்திற்குச் சென்று சேர்ந்தது.

நண்பர்களே! நம்மில் பலர் தறியும் பட்டறையும் ஏரும் உள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள். படிப்பு அந்த வீடுகளை மறப்பதற்காக அன்று. காயில் சுற்றும் என் தந்தை, கம்பியின் கனத்தை விரலால் தடவியே சொல்லிவிடுவார். மைக்ரோமீட்டர் வைத்து நான் சரிபார்த்திருக்கிறேன். அந்த விரலும் இந்த மைக்ரோமீட்டரும் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பது எவ்வளவு பெரிய முதல் என்பதை டப்பியின் வாழ்க்கை எனக்குச் சொன்னது. அந்த முதல் உங்களில் பலரிடமும் உண்டு.