லென்ஸ் வாங்கப் போறீங்களா? மா.கிருஷ்ணனை முதலில் தெரிஞ்சுக்கோங்க!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் புதுசா கேமரா வாங்கியவர்களுக்குச் செண்பகத்தோப்பு சாம்பல் நிற அணில் மீது ஒரு கண் இருக்கும். அது இருப்பதோ மர உச்சியில். உடனே கேள்வி வரும்: 300 எம்.எம். லென்ஸ் போதுமா, 600 வேணுமா? எடிட் செய்ய லைட்ரூமா, போட்டோஷாப்பா?

இது எதுவும் இல்லாத காலத்தில் காட்டைப் படம் எடுத்தவர் மா.கிருஷ்ணன்.

யார் இவர்?

1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன். 1950 முதல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார். பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

அவரிடம் என்ன கேமரா?

கடையில் கிடைக்காத கேமரா! ஒரு கம்பெனியின் பாடி, வேறு கம்பெனியின் டெலி லென்ஸ், மற்ற பாகங்கள் என எல்லாத்தையும் தானே பொருத்திக்கிட்டார். அந்தக் கனமான கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேரும் வைத்தார். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான்.

அப்போ எது அவருக்குக் கைகொடுத்தது?

விலங்கைப் பற்றிய அறிவு. முதுமலை யானைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார். அது எப்போது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்ததால்தான் அந்த நொடி படத்தில் சிக்கியது. பத்தியை 46 ஆண்டுகள் விடாமல் எழுதி, 1996 பிப்ரவரி 18-ல் மறைந்தார்.

சாம்பல் நிற அணில், பெரும்பாலும் மரக்கிளைகள் ஒன்றோடொன்று கூடும் இடத்தில்தான் கூடு கட்டும். லென்ஸுக்குக் காசு சேர்க்கும் வரை, அந்த மரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாமே!