யானைகளின் மருத்துவர்

நுழையுமுன்

திருப்பூணித்துறைப் பூர்ணத்ரயீசர் கோயிலின் விருச்சிகத் திருவிழாவில் நெற்றிப்பட்டம் அணிந்து வரிசையாக நிற்கும் யானைகளை வைட்டிலா வட்டார மாணவர் பலரும் கண்டிருப்பர். கோயில் யானை நோயுற்றால் மருத்துவரை அழைப்பதற்குப் பாகர் அருகிலேயே இருக்கிறார். அடர்காட்டில் வாழும் யானை நோயுற்றால் அதனை அறிபவர் யார்? அவ்வினாவுக்கு விடைதேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு மருத்துவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

காட்டுக்குள் வந்த மருத்துவர்

டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி 1929-ஆம் ஆண்டு பிறந்தார். கால்நடை மருத்துவம் பயின்ற அவர், தமிழ்நாடு வனத்துறையில் மருத்துவராகி, ஆனைமலையின் டாப்சிலிப்பிலும் நீலகிரியின் முதுமலையிலும் பணியாற்றினார். டாப்சிலிப்பை ஒட்டிக் கேரளத்தின் பரம்பிக்குளம் உள்ளது. முதுமலையை ஒட்டி வயநாட்டுக் காடு விரிந்துள்ளது. மாநில எல்லை யானைகளுக்குத் தெரியாது. ஆதலால் அவருடைய பணி இரு மாநிலக் காடுகளுக்கும் பயன்பட்டது. அன்பர்கள் அவரை ‘டாக்டர் கே’ என அழைத்தனர்.

அக்காலத்தில் வனத்துறை முகாம்களில் வளர்ந்த யானைகள் வெட்டுமரங்களை இழுத்தன. கழுத்திலும் முதுகிலும் புண், பாதத்தில் சீழ்க்கட்டி, வயிற்றில் புழு எனப் பல துன்பங்கள் அவற்றுக்கு நேர்ந்தன. யானை மருத்துவம் குறித்த நூல்களோ மிகச் சில. பர்மாவில் பணிபுரிந்த ஈவான்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1910-இல் வெளியிட்ட நூல் அவற்றுள் ஒன்று. நூல்களில் கிடைக்காதவற்றை இளம் மருத்துவர் காட்டிலேயே கற்கவேண்டியிருந்தது.

பாகர்களின் கண்கள்

கற்பிக்க அங்கே ஆசிரியர்கள் இருந்தனர். முதுமலையில் குறும்பர், டாப்சிலிப்பில் மலசர் ஆகிய பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக யானைப் பாகர்களாகவும், ‘காவடி’ எனப்படும் உதவியாளர்களாகவும் விளங்கினர். காது அசைவு குறைவது, இலத்தியின் நிறம் மாறுவது, தழையை முறித்தும் உண்ணாமல் விடுவது, ஒரு காலில் மட்டும் பாரத்தைத் தாங்காமல் நிற்பது போன்ற சிறு மாற்றங்களும் அவர்கள் பார்வைக்குத் தப்புவதில்லை.

முகாம் யானைகள் இரவில் மேய்வதற்காகக் காட்டில் விடப்படும். விடியலில் பாகர்கள் அடிச்சுவடு பார்த்துச் சென்று அவற்றை அழைத்து வருவர். அவ்வாறு செல்லும்போது காட்டு யானைகளின் நிலையும் அவர்களுக்குத் தெரியவரும். இவர்கள் கூறும் செய்தியே மருத்துவருக்கு முதல் அறிகுறி. அதன்பின்னரே வெப்பமானியும் குருதிச் சோதனையும் பயன்படும்.

முகாம்களில் பிறப்பு, இறப்பு, நோய், மருந்து ஆகியவை பதிவேடுகளில் எழுதப்பட்டன. நாள்தோறும் எழுதப்பட்ட அவ்வரிகள் பிற்காலத்தில் அறிவியல் ஆயின. அமெரிக்க விலங்கியலாளர் வெம்மருடன் இணைந்து, மரம் இழுக்கும் யானைகளின் மருத்துவம் பற்றி 1995-இல் கிருஷ்ணமூர்த்தி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். தென்னிந்திய முகாம் யானைகளின் பிறப்பு இறப்புக் கணக்கை ஆராய்ந்த 1997-ஆம் ஆண்டுக் கட்டுரையை, யானை ஆய்வறிஞர் இராமன் சுகுமார் முதலியோருடன் சேர்ந்து எழுதினார்.

இறந்த யானையும் சான்றாகும்

காட்டில் ஒரு யானை இறந்து கிடந்தால் அதனைப் புதைத்துவிடுவதோ அப்படியே விட்டுவிடுவதோ எளிது. ஆனால் இறந்துபட்ட ஒவ்வொரு காட்டு யானையையும் உடற்கூறாய்வு செய்தல் வேண்டும் என்பதில் கிருஷ்ணமூர்த்தி உறுதியாக நின்றார். அழுகிய உடலின் கடும் நாற்றத்தையும் பொருட்படுத்தாது தாமே அப்பணியைச் செய்தார்.

இதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. உடலுள் துப்பாக்கிக் குண்டு இருப்பின் அது தந்தத்திற்காக நடந்த கொலை என்பது வெளிப்படும். நோயே காரணமாயின் பிற விலங்குகளைக் காக்க வழி பிறக்கும். 1968-இல் வெக்கை நோய் பரவியதால் முதுமலைப் பகுதியின் காட்டெருமைகள் பெருமளவில் மடிந்தன. 2011-இல் உலகிலிருந்து ஒழிக்கப்படும் வரை இது வீட்டு மாடுகளையும் தாக்கிய நோய். அடைப்பான் நோயும் அவ்வாறே மாடு, யானை இரண்டையும் கொல்லவல்லது. ஆகவே, காட்டோரச் சிற்றூர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி இடுவது காட்டு விலங்குகளைக் காப்பதும் ஆகும்.

கொல்லவா, காக்கவா?

1998-ஆம் ஆண்டு அவருக்குப் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. தந்தமில்லாத ஆண் யானையை ‘மக்னா’ என்பர். கேரளத்திலும் கூடலூர்ப் பகுதியிலும் திரிந்த மக்னா ஒன்று 20-க்கும் மேற்பட்ட மக்களைக் கொன்றிருந்தது. அதனைச் சுட்டுக்கொல்லக் கேரள வனத்துறை ஆணையிட்டது. உறவினரை இழந்த மக்களின் துயரமும் அச்சமும் உண்மையானவை. அவற்றை எவரும் புறக்கணிக்க இயலாது.

தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்த அந்த யானையை உயிருடன் பிடிப்பதென முடிவாயிற்று. பணி ஓய்வு பெற்று, ஏறத்தாழ எழுபது வயதை எட்டியிருந்த கிருஷ்ணமூர்த்தி அப்பணியை முன்னின்று நடத்தினார். சூலைத் திங்களில் மக்னா பிடிபட்டது. அதன் உடலெங்கும் காயங்கள் இருந்தன. தெப்பக்காடு முகாமின் மரக்கூண்டில் வைத்து அதற்கு மருத்துவம் செய்தார். புண்கள் ஆறின, பாகர்களின் பொறுமையால் சினமும் தணிந்தது. மருத்துவரின் நினைவாக அதற்கு ‘மூர்த்தி’ எனப் பெயரிட்டனர். கொலையானை என அஞ்சப்பட்ட மூர்த்தி கும்கியாகப் பணியாற்றி, முதுமையில் ஓய்வும் பெற்று, 2024 அக்டோபரில் அம்முகாமிலேயே இயற்கை எய்தியது. ஊர்மக்களின் உயிரும் யானையின் உயிரும் ஒருங்கே காக்கப்பட்டன.

உலகெங்கும் ஒரே பாடம்

ஆப்பிரிக்காவின் விருங்கா மலைகளில் வாழும் மலைக் கொரில்லாக்களுக்கும் இத்தகைய காவல் தேவைப்பட்டது. ருவாண்டாவில் 1986-இல் அவற்றுக்கெனக் கால்நடை மருத்துவர் பணி தொடங்கியது. அருகிலுள்ள ஊர்களைச் சேர்ந்த தடம் காண்போர் நாள்தோறும் கொரில்லாக் கூட்டங்களைக் கண்டு, இருமலையும் காயத்தையும் மருத்துவர்க்கு அறிவிக்கின்றனர். மனிதரின் சளி கொரில்லாவுக்குக் கொடிய நோயாக மாறக்கூடும். ஆதலால் காட்டோர மக்களின் உடல்நலமும் பேணப்படுகிறது. 2018-இல் மலைக் கொரில்லாக்களின் தொகை 1,000-ஐத் தாண்டியது. குறும்பரும் மலசரும் செய்த பணியை ஒத்ததே தடம் காண்போரின் பணியும்.

நிறைவு

கிருஷ்ணமூர்த்தி 2002 டிசம்பரில் காலமானார். எழுத்தாளர் ஜெயமோகன் எழுதிய ‘யானை டாக்டர்’ என்னும் சிறுகதை அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. இன்று காட்டு யானை இறந்தால் உடற்கூறாய்வு செய்வது வழக்கமாகிவிட்டது. தெப்பக்காட்டில் பாகர்கள் இன்றும் காலைதோறும் யானைகளைக் குளிப்பாட்டுகையில் அவற்றின் பாதங்களைத் தூக்கிப் பார்க்கின்றனர்.

சொற்பொருள்

இலத்தி – யானையின் சாணம்
கும்கி – காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் பயிற்றப்பட்ட யானை
அடைப்பான் – கால்நடைகளைத் திடீரெனக் கொல்லும் தொற்றுநோய்
இயற்கை எய்துதல் – இறத்தல்

வினாக்கள்

1. யானை நோயுற்றதைப் பாகர்கள் எவ்வெவ் அறிகுறிகளால் உணர்ந்தனர்?
2. இறந்த யானையை உடற்கூறாய்வு செய்வதன் பயன்கள் இரண்டினை எழுதுக.
3. மக்னாவைச் சுட்டுவிட வேண்டும் என்போரின் கருத்தையும் காக்க வேண்டும் என்போரின் கருத்தையும் தொகுத்து, உம் முடிவைக் காரணத்துடன் எழுதுக.
4. முதுமலைப் பாகர்களையும் விருங்காவின் தடம் காண்போரையும் ஒப்பிடுக.