ஒரு குப்பி, 19 மரணங்கள்: பிளேக் தடுப்பூசி தந்த ஹாஃப்கைன் மீது விழுந்த பழி

ஏற்காட்டு மலைக் கிராமமோ, சேலம் டவுனோ, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வார் நர்ஸ். மருந்தின் பேட்ச் எண்ணையும் குறித்து வைப்பார்கள். இது ஏன் முக்கியம்? வால்டமார் ஹாஃப்கைனின் கதையைப் பார்த்தால் புரியும்.

யார் இவர்?

1860-இல் ஒடெசாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸில் காலரா தடுப்பூசியை உருவாக்கி, 1892-இல் முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். அடுத்த ஆண்டு இந்தியா வந்தார். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அதற்கும் ஒரு தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரி 10 அன்று அதையும் தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் அடித்தது, ஆனால் சமாளித்துவிட்டார். பிறகு பைகுல்லா சிறையில் ஊசி போட்டுக்கொண்ட கைதிகளையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். போட்டுக்கொண்டவர்களிடம் நோய் குறைவாக இருந்தது.

முல்கோவாலில் என்ன நடந்தது?

1902 அக்டோபர் 30. பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் ஒரே குப்பியிலிருந்து மருந்து ஏறிய 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். மற்ற குப்பிகளில் போட்டுக்கொண்டவர்களுக்கு டெட்டனஸ் வரவில்லை.

கிருமி எங்கே புகுந்தது? பம்பாய் ஆய்வகத்திலா, கிராமத்திலா? விசாரணைக் குழு ஆய்வகத்தைக் கைகாட்டியது. கார்பாலிக் அமிலத்தைக் கைவிட்டு, சூடுபடுத்திக் கிருமி நீக்கும் முறைக்கு ஹாஃப்கைன் மாறியிருந்ததுதான் காரணம் என்றார்கள். அவர் பதவி பறிபோனது. 1904-இல் இந்தியாவை விட்டே போய்விட்டார்.

பழி எப்படி நீங்கியது?

சாட்சியங்களை மறுபடி புரட்டியவர்களுக்கு வேறு கதை தெரிந்தது. குப்பியைத் திறந்தபோது கெட்ட வாடை எதுவும் இல்லை. பல வாரம் முன்பே டெட்டனஸ் கிருமி புகுந்து வளர்ந்திருந்தால் வாடை வந்திருக்கும். அதுமட்டுமல்ல, திறக்கும்போது ஊழியரின் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்திருக்கிறது. சரியாகச் சுத்தம் செய்யாமல் அதையே பயன்படுத்தியிருக்கிறார். மலேரியா ஆய்வுக்கு நோபல் வாங்கிய ரொனால்டு ராஸ் உள்ளிட்டோர் குரல் கொடுக்க, 1907-இல் பழி நீங்கியது. ஹாஃப்கைன் கல்கத்தாவுக்குத் திரும்பினார். ஆனால் பழைய பொறுப்பு கிடைக்கவில்லை. 1925-இல் பம்பாய் ஆய்வகத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 1930-இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார்.

நமக்கு என்ன பாடம்?

19 மரணங்களும் நிஜம். அதை மூடி மறைத்திருந்தால் தவறு எங்கே என்று தெரிந்திருக்காது. அவசரப்பட்டுத் தீர்ப்பு சொன்னதால், தவறு செய்யாதவர் தண்டனை அனுபவித்தார். ஊசிக்குப் பிறகு நடந்தது எல்லாமே ஊசியால் நடந்ததும் இல்லை, எதுவுமே ஊசியால் இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் குழந்தைக்கு வலிப்போ, விடாத காய்ச்சலோ வந்தால் சுகாதார நிலையத்தில் உடனே சொல்லணும். அந்த பேட்ச் எண்ணைக் குறித்து வைப்பதும் அதற்காகத்தான்.