யார் இந்த டாக்டர் கிரீன்? தமிழிலேயே டாக்டர்களை உருவாக்கிய அமெரிக்கர்

லாபிஸில் பாட்டியை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போன அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். மிஸ்ஸி மலாயில் கேட்பார், பாட்டி தமிழில் சொல்வார், நடுவில் நீங்கள். நெஞ்சு கரிக்குது என்று பாட்டி சொன்னதை நீங்கள் நெஞ்சு வலி என்று மாற்றிச் சொல்லிவிட்டால், டாக்டரின் கவனம் வயிற்றை விட்டு இதயத்துக்குப் போய்விடும். ஒரே ஒரு சொல்தான். ஆனால் சிகிச்சையே மாறிவிடலாம்.

நோயாளியின் மொழியில் மருத்துவம் ஏன் முக்கியம் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அவர் தமிழர் இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

யாழ்ப்பாணத்துக்கு எப்படி வந்தார்?

கிரீன் 1822-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் படித்துவிட்டு, 1847-இல் அமெரிக்க மிஷன் மூலம் இலங்கைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 25. மதத்தைப் பரப்புவதும் அவர் நோக்கம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. வந்ததும் தமிழ் கற்றார். மறு ஆண்டே மானிப்பாயில் நோயாளிகளைப் பார்க்கவும், உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் சொல்லிக் கொடுக்கவும் தொடங்கிவிட்டார்.

ஏன் ஆங்கிலத்தை விட்டார்?

முதலில் அவர் பாடம் நடத்தியது ஆங்கிலத்தில்தான். ஆனால் படித்து முடித்த பலர் அரசாங்க வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்கள். கிராமத்துக்கு டாக்டர் இல்லாத நிலை அப்படியே இருந்தது. அதனால் 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவர் தமிழ் மக்களோடு இருப்பார் என்பது அவர் கணக்கு.

மாணவர்கள் ஐரோப்பிய உடைக்கும் பழக்கத்துக்கும் மாறுவதையும் அவர் விரும்பவில்லை. டாக்டர் ஊர்க்காரராகவே இருந்தால்தான் ஊர் அவரை நம்பும், இல்லையா?

புத்தகம் இல்லையே, என்ன செய்தார்?

அவரே தயாரித்தார். மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு பெரிய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் ஆகியவை அவற்றில் சில. மனுஷ அங்காதிபாதம் எது தெரியுமா? மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டுகிற கிரேஸ் அனாட்டமிதான். நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அமெரிக்க டிவி தொடரின் பெயரும் அந்த நூலின் பெயரை வைத்து வந்ததுதான். அதன் தமிழ் வடிவம் 1872-இலேயே வந்துவிட்டது.

கலைச்சொல்லுக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. முதலில் தமிழில் தேடுவார், அடுத்து சமஸ்கிருதத்தில். இரண்டிலும் கிடைக்காவிட்டால் மட்டும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார். கெமிஸ்ட்ரி, கெமிஸ்தம் ஆனது அப்படித்தான்.

என்ன மிஞ்சியது?

60-க்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் மருத்துவம் படித்தார்கள். உடல்நலம் குன்றி 1873-இல் ஊர் திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. 1884-இல் வூஸ்டரில் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் பொறிக்கக் கேட்டுக்கொண்டவர் அவர்.

தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நீடிக்கவில்லை. 1870-இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது, வேலையும் அந்தப் பக்கமே இருந்தது. பிறகு மலாயாவுக்கு ரயில்வே, ஆஸ்பத்திரி, அரசாங்க அலுவலக வேலைகளுக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்களுக்கும் கைகொடுத்தது ஆங்கிலம்தான்.

நீங்கள் நாளை மருத்துவமோ நர்சிங்கோ படிக்கப் போகிறவர் என்றால், கிரீனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வேற்று நாட்டிலிருந்து வந்தவர், நோயாளி தன் மொழிக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அவர்தான் போனார். மலாய், மாண்டரின், தமிழ், பூர்வகுடி மொழிகள் எல்லாம் ஒரே வார்டில் கேட்கிற நாடு நம்முடையது. இங்கே அந்தப் பழக்கத்துக்கு வேலை நிறையவே இருக்கிறது.