நாணலில் பிறந்த கரும்பு

பழவேற்காடு ஏரியில் வலை வீசுபவருக்கும், அதே மாவட்டத்தில் திருவாலங்காடு ஆலைக்குக் கரும்பு அனுப்புபவருக்கும் ஆற்றோர நாணல் தெரியும். களையாக ஒதுக்கும் அந்தப் புல்லைக் கொண்டு கரும்புச் சாகுபடியை மாற்றியவர் சர் டி.எஸ்.வெங்கட்ராமன்.

1884-ல் பிறந்த இவர், 1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது சார்லஸ் பார்பரின் உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது நம் நாடு ஜாவா சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. வட இந்திய விவசாயிகளின் மெல்லிய கரும்பு விளைச்சல் தரவில்லை. தடித்த கரும்பு அங்குள்ள குளிரைத் தாங்கவில்லை.

கோவையில் கரும்பு நன்றாகப் பூக்கும் என்பதால் இனக்கலப்பு அங்கே கைகூடியது. 'வெள்ளை' ரகத்தின் இனிப்பும் நாணலின் தாங்கும் திறனும் சேர்ந்த கோ 205, 1918-ல் வெளியாகி பஞ்சாப் வயல்களுக்குச் சென்றது. பின்னர் நிலையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கோ ரகங்கள் தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா வரை பரவின. 1956-ல் பத்மபூஷண் பெற்ற அவர், 1963-ல் மறைந்தார்.

கரும்புக் கருத்தரங்கு, கண்காட்சிக்குப் போகும்போது இயந்திர அரங்குகளோடு திரும்பிவிடாதீர்கள். கோ 86032 ஆனாலும், புதிய ரகமானாலும், உங்கள் மண்ணுக்கும் நீருக்கும் ஏற்றதா, செவ்வழுகல் நோயைத் தாங்குமா என்று விஞ்ஞானிகளிடம் கேளுங்கள். பக்கத்து வயலில் நன்றாக விளைந்த ரகம் உங்கள் வயலிலும் அப்படியே விளையும் என்று நம்பி நட்டால், ஒரு வருட உழைப்பு வீணாகலாம்.