தவறான பெயரில் பிறந்த உண்மை

புற்றுநோயைத் தடுக்க ஆஸ்பிரின் உதவும் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், 1905-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்த உடலியல் அறிஞர் உல்ஃப் வான் ஆய்லர்.

விந்துத் திரவத்தில், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் கொழுப்பு அமிலம் ஒன்றை 1930-களில் அவர் கண்டறிந்தார். புராஸ்டேட் சுரப்பியில் உருவாவதாகக் கருதி, 1935-இல் அதற்குப் புராஸ்டாகிளாண்டின் எனப் பெயரிட்டார். பெயர் பிழையானது, உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் அதை ஆக்குகின்றன.

1945-இல் தம்மிடமிருந்த சாற்றை இளம் வேதியியலாளர் சூனே பெர்க்ஸ்ட்ரோமிடம் ஒப்படைத்தார். புராஸ்டாகிளாண்டின் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971-இல் ஜான் வேன் காட்டினார். அதை ஆக்கும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் ஒரு வகை பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் மிகுந்திருந்து, அவை வளரத் துணைபுரிவதும் பின்னர் தெரியவந்தது. லிஞ்ச் நோய்க்குறி என்னும் பரம்பரைக் குறைபாடு உள்ளோருக்குப் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பை ஆஸ்பிரின் குறைக்கிறது.

ஆய்லர் 1970-இல் நோபல் பெற்றது நோராட்ரினலின் ஆய்வுக்காக. புராஸ்டாகிளாண்டினுக்கான நோபல் 1982-இல் வேறு மூவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

உடனடிப் பயன் என்ன என்று 1935-இல் கேட்டிருந்தால், அவரால் புற்றுநோயைச் சுட்டியிருக்க முடியாது. ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர் இதை மறக்கலாகாது என்பேன்.